பாறைக்குழியில் நான் கொட்டியது

என் மகன் அருளுக்கு, ஊரார் எல்லோரும் படிக்கும்படியாக அப்பா எழுதுவது.

செவ்வாய்க்கிழமை காலை மொரப்பூர் ஸ்டேஷனில் நீ ரயில் ஏறும்போது நானும் வந்திருந்தேன். உன் அம்மா உன் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர்க் குழாய் ஓரமாக நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு அம்மாவிடம் மட்டும் "வர்றேம்மா" என்று சொல்லிப் பெட்டிக்குள் போய்விட்டாய். கம்பெனி உன்னை ஒடிசாவுக்கு மாற்றியதற்குக் காரணம் நான்தான் என்று நினைக்கிறாய். சரியாகத்தான் நினைக்கிறாய். அதை மறுப்பதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கவும் எடுக்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, அது நீ நினைக்கிற காரியம் இல்லை. அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

வீட்டு விஷயத்தை எதற்கு ஊருக்குப் படிக்கக் கொடுக்கிறீர்கள் என்று கேட்பாய். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இதை நான் வீட்டுக்குள்ளும் வைக்காமல் என் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன். அதனால் கெட்டது இந்த ஊரின் தண்ணீர். ஆகையால் இந்தக் கடிதத்தை உனக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, நகல் எடுத்துப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் நம் கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப் போகிறேன். கிழிக்கிறவர்கள் கிழிக்கட்டும். ஜெராக்ஸ் கடை கம்பைநல்லூரில்தான் இருக்கிறது, பஸ்ஸில் போனால் கால் மணி நேரம்.

ரேஞ்சைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் உன்னைப் போன்ற இளவட்டங்களுக்கு அது முள்வேலி போட்ட பொட்டல் காடு என்ற அளவில்தான் தெரியும். கரட்டுக்குப் பின்னால் ராணுவத்துக்காரர்கள் சுட்டுப் பழகிய இடம் அது. சுடுகிற நாளில் கரட்டு உச்சியில் சிவப்புக் கொடி ஏறும், ஆடு மாடுகளை இந்தப் பக்கம் ஓட்டி வந்துவிடுவோம். அதற்குள்ளேயே இன்னொரு வேலையும் நடந்தது. பழைய குண்டுகள், காலம் தவறிய வெடிமருந்து எல்லாம் லாரியில் வரும். உடைத்துக் கழுவுவார்கள், எரிப்பார்கள். வந்த சிப்பாய்கள் நல்ல பையன்கள். நம் ஊர்த் திருவிழாவுக்கு வருவார்கள், கபடி ஆடுவார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. முகாமை மூடிக்கொண்டு அவர்கள் போனபோது, மிச்சம் மீதியைச் சுத்தம் செய்து தர வெளியூர்க் காண்ட்ராக்டர் ஒருவனிடம் வேலை போயிற்று. அந்த ஆள்தான் என்னைத் தேடி வந்தான். நம் ஊரில் அப்போது டிராக்டர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

ஆறு நாள் ஓட்டினேன். கழுவின கசண்டை அடைத்த இரும்பு டிரம்கள், எரித்த சாம்பல் மூட்டைகள். அதையெல்லாம் தூரத்தில் எங்கோ இருக்கிற ஒரு இடத்துக்கு லாரியில் அனுப்ப வேண்டும் என்றுதான் காகிதத்தில் இருந்ததாம். அந்த ஆள் லாரியே கொண்டுவரவில்லை. வேலிக்கு வெளியே கிழக்கே, கல் உடைத்துக் கைவிட்ட பாறைக்குழி ஒன்று புறம்போக்கில் இருந்தது. "அதுல தள்ளுங்க, மேல மண்ணப் போடுங்க, முடிஞ்சுது" என்றான். சில டிரம்களில் அடி துருப்பிடித்து ஒழுகியது. செம்மண் குழம்பு மாதிரி இருக்கும், நாற்றம் மூக்கில் ஏறினால் தலை சுற்றும். என் உள்ளங்கை இரண்டும் மஞ்சளாகிவிட்டது. சோப்புப் போட்டும் போகவில்லை, புளி தேய்த்தும் போகவில்லை. உன் அம்மா சோறு போடும்போது பார்த்துவிட்டு, "என்னங்க கை இப்பிடி இருக்குது?" என்று கேட்டாள். "மஞ்சக்கெழங்கு லோடு அடிச்சன்" என்றேன். நீ அப்போது அவள் வயிற்றில் இருந்தாய்.

ஆறாம் நாள் நானே பிளேடு மாட்டி மண்ணைத் தள்ளி மட்டம் பண்ணினேன். இரண்டு மழையில் சீமைக் கருவேலம் முளைத்து மூடிக்கொண்டது. சொல்லாதே என்று யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டினார்கள் என்று சொன்னால் எனக்கு ஒரு சாக்கு கிடைக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிறகு சொல்லத் தோன்றியபோது பயமாக இருந்தது.

அந்தக் குழிக்குக் கீழ்ச்சரிவில் இருப்பது கோவிந்தம்மாள் அக்காவின் நிலம். அவர் வீட்டுக்காரர் கிணறு வெட்டும்போதே இறந்துவிட்டதால் ஒண்டியாக நின்று தக்காளியும் மஞ்சளும் வைத்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். குழியை மூடி ஏழெட்டு வருஷம் இருக்கும், ஒரு நாள் என்னை வழியில் நிறுத்தி, "தம்பி, எங்க கெணத்துத் தண்ணி எறைக்கும்போது நல்லாத்தான் இருக்குது. வெய்யில்ல வெச்சா ரோஸாப் போவுதுப்பா. ஏன்னு தெரியல" என்றார். நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, அருளு. "பாறையில இரும்பு ஓட்டம் இருக்குமுங்க்கா, அதான்" என்றேன். டிராக்டர் வைத்திருக்கிறவன், நாலு ஊர் பார்த்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் நம்பினார். ஊரெல்லாம் அதையே சொன்னது. அவர் பசு இரண்டு முறை செத்த கன்று போட்டது. கை காலெல்லாம் அவருக்குத் தடித்துப் புண்ணாகியது. எல்லாம் அந்தத் தண்ணீரால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல டாக்டராக இருக்க வேண்டியதில்லை. கடைசியில் அவரே கிணற்றின் மேல் முள்ளை வெட்டிப் போட்டு மூடிவிட்டு, அரை மைல் நடந்து அடுத்தவர் போர்வெல்லில் தண்ணீர் எடுத்தார். தலையில் குடத்தோடு அவர் வருவதைப் பார்த்தால் நான் டிராக்டரை வேறு வண்டிப்பாதையில் திருப்பிவிடுவேன்.

ஒரு தவக்காலத்தில் மனசு பொறுக்காமல் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். வயசானவர், காது சரியாகக் கேட்காது, இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொன்னது சரி. அந்த அம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அவர் மாற்றலாகிப் போகும்வரை நான் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகவே இல்லை. கடவுளிடம் சொல்லியாகிவிட்டது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். கடவுள் அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தவில்லை என்பது எனக்கு அப்போதும் தெரியும்.

பிறகு யாரோ வழக்குப் போட்டு, ரேஞ்சைச் சுத்தம் செய்து ஊரிடம் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. உன் கம்பெனி வந்தது. சேலத்தில் படித்த படிப்புக்கு நம் ஊரிலேயே வேலை என்று நீ மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்து நின்ற அன்றைக்கு உன் அம்மா அழுதாள். எனக்கும் பெருமைதான். வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்களை வைத்து, குண்டு கிண்டு இருக்கிறதா என்று அடி அடியாகத் தடவிப் பார்த்து, கெட்ட மண்ணை வாரிப் பைகளில் கட்டி லாரியில் ஏற்றினாய். நீ அலட்சியமாக வேலை செய்தாய் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். வெயிலில் உன் கழுத்துத் தோல் உரிந்ததை நான் பார்த்தேன். ஆனால் உன் கையில் இருந்த மேப்பில் வேலிக்கு உள்ளே இருப்பதுதான் இருந்தது.

ஒரு மத்தியானம் களி தின்றுகொண்டிருக்கும்போது நீ அம்மாவிடம் சொன்னாய்: "சோதிக்க நாங்க போட்ட எல்லாப் போர்லயும் தண்ணி ரிசல்ட் நல்லா வருதும்மா. கெழக்கால ஒரே ஒரு போர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கெட்டே வருது. எங்கிருந்து வருதுன்னே புரியல." நான் அடுத்த களி உருண்டையை எடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்பது இந்த ஒன்றுக்குத்தான். தகப்பனுக்குத் தெரிந்த பதிலை மகன் மாதக்கணக்கில் வெயிலில் தேடினான், நான் எதிரில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தேன். என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம்.

இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் உட்கார்ந்து நீ வேறொன்று சொன்னாய். "மேனேஜர் அந்தக் கெழக்கு போர மூடிட்டு இன்னும் மேடான எடத்துல ஒண்ணு போடச் சொல்லிட்டாரு. அங்க நல்ல ரிசல்ட் வரும். முடிச்சுக் குடுத்துரலாம்." நான், "அப்ப அந்தத் தண்ணி?" என்றேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், "அது வேலிக்கு வெளியப்பா, நம்ம வேலையில வராது" என்றாய். நீ அப்படிச் சொன்ன மாதிரியை நான் கவனித்தேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாய், உடனே எழுந்து கை கழுவப் போய்விட்டாய். கோவிந்தம்மாள் அக்காவிடம் இரும்பு ஓட்டம் என்று சொல்லிவிட்டு நான் டிராக்டரைக் கிளப்பினேனே, அதே அவசரம். இருபத்தாறு வயசுப் பையன் என் பாதையில் முதல் அடி எடுத்து வைப்பதை நான் பார்த்துவிட்டேன். எனக்குள் இருந்த பயமெல்லாம் போய்க் கோபம் வந்தது. உன் மேல் இல்லை. என் மேல் கூட இல்லை. இதை இப்படியே கைமாற்றி விடலாம் என்று நினைக்கிற அத்தனை பேர் மேலும் வந்தது.

முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நறுக்கிக்கொண்டேதான் இருந்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "மஞ்சக்கெழங்குன்னு சொன்னீங்க" என்றாள். அத்தனை வருஷத்துக்கு முன் கேட்ட ஒரு பதிலை அவள் மறக்கவில்லை. "அந்தக் கையிலதான் புள்ளயத் தூக்குனீங்க" என்றாள். நறுக்கிய காயை மூடி வைத்துவிட்டு, "கோவிந்தம்மாக்கா வூட்டுக்குப் போங்க. நானும் கூட வர்றன். ஆனா உங்களுக்குப் பரிஞ்சு ஒரு வார்த்த பேசமாட்டன்" என்றாள். அப்படியே செய்தாள். வந்தாள், பேசவில்லை.

கோவிந்தம்மாள் அக்கா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டது, கை மட்டும் வேகமாக ஓடுகிறது. நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், குழி, மண், இரும்பு ஓட்டம். கேட்டுக்கொண்டே வந்தவர் இரும்பு ஓட்டத்தில் தலையை நிமிர்த்தினார். "நீ சொன்னதுனாலதான்டா நான் மூணு வருசம் அந்தத் தண்ணியக் குடிச்சன்" என்றார். அதுவரை என்னை அவர் டா போட்டதில்லை. "கால்ல வுழட்டுங்களா அக்கா?" என்றேன். "எங்கால்ல வுழுந்து எனக்கென்ன ஆவுது? எந்திரி. வெள்ளிக்கெழம கூட்டம் போடறாங்களாமே, எல்லாம் சுத்தமாயிருச்சுன்னு கையெழுத்து வாங்க. அங்க வந்து சொல்லு. ஊருக்கு முன்னால சொல்லு. சொல்லாம ஓடுன, நானே வந்து இழுத்துக்கிட்டுப் போவன்." புளியை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் மேடையிலிருந்து நீ பார்த்தது வேறு, நான் கீழிருந்து பார்த்தது வேறு. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா. அதிகாரிகள் இரண்டு பேர், உன் மேனேஜர், ஓரத்தில் கம்ப்யூட்டரோடு நீ. நிலம் சுத்தமாகிவிட்டது, ஊர்க்காரர்கள் திருப்தி என்று கையெழுத்துப் போட்டால் ஒப்படைத்துவிடலாம், விளையாட்டு மைதானம் வரும், வேலை வரும் என்று உன் மேனேஜர் பேசினார். பேப்பர் முன் வரிசைக்கு வந்துவிட்டது. நான் எழுந்தேன். "இன்னும் சுத்தமாவலைங்க. பாதி வேலிக்கு வெளிய இருக்குது" என்றேன். "பெரியவரே, உக்காருங்க, கடைசியில பேசலாம்" என்றார் மேனேஜர். "கடைசியிலன்னா கையெழுத்து ஆயிருமுங்க. கெழக்கால பாறக்குழியில டிரம்மு கெடக்குது. கொட்டுனவன் நான்தான். எம்பட டிராக்டர்லதான் போச்சு."

சத்தம் எழுந்தது. நீதான் கொட்டினியா என்று நாலு பக்கமிருந்தும் கேட்டார்கள். உன் மேனேஜர் உன் பக்கம் திரும்பி, "யார் இவர்?" என்றார். நீ, "எங்கப்பா சார்" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் போதும். மைக் பக்கத்திலேயே இருந்தது, நீ அடுத்துச் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது. "அவருக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் சரியில்ல சார்."

அருளு, நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் பல நாள் யோசித்தேன். என்னை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றச் சொன்னாயா, உன் வேலையைக் காப்பாற்றச் சொன்னாயா என்று கேட்டால் உனக்கே பதில் தெரியாது. இரண்டும் ஒரு நொடியில் சேர்ந்து வந்திருக்கும். எனக்கு அது வலித்தது. ஆனால் அந்த வலியில் நான் உட்காரவில்லை. "ஞாபகம் நல்லா இருக்குதுங்க. அதான் இத்தன வருசமாப் பிரச்சன" என்றேன். யாரோ சிரித்தார்கள். அப்போது கோவிந்தம்மாள் அக்கா பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வந்தார். கையில் பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டில். காலையில் முள்ளை விலக்கித் தன் கிணற்றில் சேந்திய தண்ணீரை அதில் ஊற்றி வெயிலில் வைத்திருந்திருக்கிறார். மேசை மேல் வைத்தார். ரோஸ் நிறம், பன்னீர் சோடா மாதிரி. "இதுல ஆளுக்கு ஒரு வாய் குடிங்க சார். குடிச்சிட்டுப் பேப்பரக் குடுங்க. மொதக் கையெழுத்து நான் போடறன்" என்றார். ஒருவரும் பாட்டிலைத் தொடவில்லை. முன் வரிசையில் பேப்பரை வைத்திருந்தவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு கையெழுத்தும் விழவில்லை.

அதற்குப் பிறகு நான் பட்டதை நீ பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை, மொரப்பூரில் ரூம் எடுத்துப் போய்விட்டாய். டீக்கடையில் என் கையில் கொடுக்காமல் கிளாஸைத் தள்ளி வைப்பார்கள். டிராக்டர் டயரை இரண்டு முறை கிழித்தார்கள். கிழித்தவனை எனக்குத் தெரியும், அவன் தங்கைக்குக் குழந்தை தங்காமல் போனது மூன்று முறை. அவன் மேல் நான் புகார் கொடுக்கவில்லை. உன் சித்தப்பா இண்டூரிலிருந்து வந்து, "அண்ணா, வக்கீலக் கேட்டன். ஒளறிட்டன்னு எழுதிக் குடுத்துரு. இல்லன்னா மொதல்ல உன்னத்தான் உள்ள தள்ளுவாங்க" என்றார். "தள்ளட்டும். உள்ள இருந்தும் எடத்தக் காட்டுவன்" என்றேன். அவர் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

உன் கம்பெனி பொக்லைனை ஏற்றிக்கொண்டு கிளம்பப் பார்த்தது. பொக்லைன் போய்விட்டால் இந்த ஊருக்கு மறுபடி ஒரு கடப்பாறை கூட வராது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வண்டிப்பாதையில் போய் உட்கார்ந்தோம். முதல் நாள் நானும் உன் அம்மாவும் கோவிந்தம்மாள் அக்காவும் மட்டும். அக்கா என் பக்கத்தில் உட்காரவில்லை, பாதையின் அந்தக் கரையில் உட்கார்ந்தார். என்னோடு ஒரு சொல் பேசவில்லை. இரண்டாம் நாள் அவர் பெண்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் டீக்கடைக்காரரே கேனில் டீ கொண்டு வந்தார், எனக்கும் ஊற்றினார். அந்த வாரக் கடைசியில் பாதை நிறைந்துவிட்டது. போலீஸ் வந்து பேசிப் பார்த்தது. "நாங்க கல்ல எறியலைங்க, ஒக்காந்திருக்கறம். மண்ணத் தோண்டிப் பாருங்க, ஒண்ணும் இல்லன்னா நாங்களே எந்திரிச்சுப் போறம்" என்று உன் அம்மா சொன்னாள். எனக்காகப் பேசமாட்டேன் என்றவள் ஊருக்காகப் பேசினாள். கடைசியில் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். வெயிலில் குடை கூடப் பிடிக்காமல் நின்று, "எங்க, காட்டுங்க" என்றார்.

முதல் நாள் தோண்டியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் அடையாளம் வைத்திருந்த மரம் இல்லை, பாதி இடம் கருவேலங்காடு. மாலைவரை வெறும் மண்ணும் கல்லும் வந்தது. நீ பொக்லைன் பக்கத்தில் நின்றிருந்தாய். உன் மேனேஜர் உன்னிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார், நீ சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன். ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நிஜமாகவே ஞாபகம் போய்விட்டதோ என்று. அடுத்த நாள் காலை நான் அந்தச் சரிவில் டிராக்டர் ஓட்டுவது போலவே நடந்து பார்த்தேன். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது வலது பக்கம் ஒரு பாறை முட்டும், ஆறு நாளும் முட்டியது. காலால் தடவித் தடவி அந்தப் பாறையைக் கண்டுபிடித்தேன். "இங்க பின்னால" என்றேன். பொக்லைன் ஐந்தாவது அள்ளலில் ஒரு டிரம்மின் மூடியைத் தூக்கியது. பின்னாலேயே அந்த நாற்றம். எல்லோரும் துணியால் மூக்கை மூடிக்கொண்டு பின்வாங்கினார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஜெயித்தேன் என்றும் தோன்றவில்லை. செம்மண் குழம்பு வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் தள்ளியது, தள்ளிய இடத்திலேயே எனக்காகக் காத்திருந்தது. கோவிந்தம்மாள் அக்கா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன கெடக்குது?" என்றார். கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னிடம் முதலில் பேசியது அதுதான். "எல்லாத்தையும் எடுத்துருவாங்கக்கா" என்றேன். "நீ எண்ணு" என்றார்.

இப்போது எண்ணுகிறேன். வெள்ளை உடுப்புக்காரர்கள் மறுபடி வந்திருக்கிறார்கள், இந்த முறை வேலிக்கு வெளியே. தினமும் காலையில் போய் எட்ட நின்று ஒவ்வொரு டிரம்மாக நோட்டில் கோடு போடுகிறேன். என் மேல் வழக்குப் பதிந்திருக்கிறார்கள். அந்தக் காண்ட்ராக்டர் எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் மாட்டுவது நான் ஒருவன்தான் என்று வக்கீல் சொல்கிறார். மாட்டட்டும். வாக்குமூலத்தில் ஒரு வரி மாற்ற மாட்டேன். கிணறு சரியாக இன்னும் பல வருஷம் ஆகும், என் காலத்தில் ஆகாமலும் போகலாம் என்று அந்தப் பெண் அதிகாரி நேராகவே சொன்னார். அதுவரை ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும் என்று மனு மேல் மனு போடுகிறோம். மனுவை நான் எழுதுகிறேன், முதல் கையெழுத்து அக்காவுடையது.

ஒடிசாவிலும் உனக்கு இப்படித்தான் ஒரு மைதானம் இருக்கும், கையில் ஒரு மேப் கொடுப்பார்கள். மேப்பைப் பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு அந்த ஊரில் அந்தக் காலத்தில் டிராக்டரும் மாட்டு வண்டியும் வைத்திருந்தவன் யார் என்று விசாரி. அவன் வீட்டுக்குப் போ. முதல் நாள் ஒன்றும் தெரியாது என்பான், கண்ணைப் பார்க்க மாட்டான். மறுநாளும் போ. மிரட்டாதே, அவன் ஏற்கெனவே பயந்துதான் கிடக்கிறான். எங்கப்பாவும் கொட்டினார் என்று சொல். அந்த வார்த்தையை உபயோகித்துக்கொள்ள உனக்கு உரிமை கொடுக்கிறேன், அதற்காகத்தான் இதை ஊரறிய எழுதினேன். போரை நகர்த்தச் சொன்னால் நகர்த்தாதே. வேலை போனால் வீட்டுக்கு வா. களி இருக்கிறது, அவரைக்காய்க் குழம்பு இருக்கிறது. ஒருவரும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டோம். ஆனால் போரை நகர்த்திவிட்டு வந்தால் நான் கேட்பேன், உன் அம்மா என்னைவிட அதிகமாகக் கேட்பாள்.

இந்தக் கடிதத்தைப் பாதி எழுதி வைத்திருந்தபோது, நேற்று மத்தியானம் நீ அம்மாவுக்குப் போன் செய்தாய். சாப்பாடு, வெயில், பாஷை புரியவில்லை என்றெல்லாம் பேசிவிட்டு, வைக்கிற நேரத்தில், "அம்மா, அந்தக் குழி எவ்ளோ ஆழம்னு அப்பாவுக்குத் தெரியுமா? தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு கணக்குப் போடணும்" என்று கேட்டாயாம். அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து சொன்னாள். நான் போனை வாங்குவதற்குள் நீ வைத்துவிட்டாய்.

எழுதிக்கொள். மேற்கு ஓரத்தில் இரண்டு ஆள் உயரம், கிழக்கே போகப் போக நாலு ஆள் உயரம். தரை ஒரே பாறை இல்லை. தென்கிழக்கு மூலையில் ஒரு வெடிப்பு, கை நுழையும் அளவு, மழைத் தண்ணீர் அதில் நிற்காமல் இறங்கிவிடும். மூன்றாம் நாள் லோடு முழுக்க அந்த மூலையில்தான் தள்ளினேன். அங்கிருந்து நேராகக் கோவிந்தம்மாள் அக்கா கிணறுதான். இன்னும் என்ன தெரிய வேண்டுமோ என்னைக் கேள். அம்மாவிடம் கேட்காதே, அவளுக்கு எப்படித் தெரியும். கொட்டினவன் நான்.

உன் அப்பா